இரண்டு அறைக்கும் ஒரே தரை

பழனி மலைத்தொடரில், பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊருக்கும் மேலே, காபித் தோட்டங்களைத் தாண்டி ஒரு கல்வீடு இருந்தது. அங்கே மங்கையர்க்கரசி என்றொரு குரு இருந்தார். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். தாடியையும் காவியையும் எதிர்பார்த்து மலையேறி வந்தவர்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்த அவரிடமே குரு எங்கே என்று விசாரித்ததுண்டு. உள்ளே போய் உட்காருங்கள், வருவார் என்பார். கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

மாசிலாமணி அவரிடம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. திண்டுக்கல்லில் மர அறுவை மில் நடத்தியவர். ஒரு நாள் தடி ஏற்றும்போது மூச்சு வாங்கியது. பிறகு மாடிப்படி ஏறும்போது வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் தேங்காய் நார்போல இறுகிக்கொண்டு வருகிறது என்றார். மரத்தூள் காரணமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். மாத்திரை தாமதப்படுத்தும், நிறுத்தாது.

மாசிலாமணி அந்தப் படத்தை மில்லின் தூள் அடுப்பில் போட்டு எரித்தார். மகனிடம் மில்லை ஒப்படைத்தார். மனைவியிடம், கொஞ்ச நாள் மலைக்காற்று பட்டால் நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

உண்மையைக் குருவிடம் மட்டும் சொன்னார். சொன்ன கையோடு கேட்டார்.

"அம்மா, இந்தப் பயம் எப்ப போகும்?"

கஞ்சி ஆறுகிறது, குடியுங்கள் என்றார் குரு.

அந்த வீட்டில் அடுத்தடுத்து இரண்டு பெரிய அறைகள். முன்னறையில் ஜன்னல்கள் உண்டு. காலையிலும் மாலையிலும் மௌனமாக உட்காருவது அங்கேதான், சீடர்கள் படுப்பதும் அங்கேதான். உள்ளறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் மலைச்சரிவைப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பப்பட்டவர்கள், போக இடம் இல்லையென்றால், அந்த அறைக்கு வருவார்கள். குரு பார்த்துக்கொள்வார்.

அப்போது அங்கே ஒருவர் படுத்திருந்தார். பெயர் சுடலைமுத்து என்று மாசிலாமணிக்குத் தெரியும். முகம் தெரியாது. நடுவிலிருந்த கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. இருமல் மட்டும் கேட்கும்.

அது தொண்டையில் எழுகிற இருமல் இல்லை. காய்ந்த பனையோலையை யாரோ மிதிப்பது போல அடியாழத்திலிருந்து வரும். வந்து முடிந்ததும் ஓர் அமைதி. அந்த அமைதியில் மாசிலாமணி அடுத்த மூச்சு கேட்கும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பார். அது என்ன நோய் என்று அவர் குருவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாயை முன்னறையின் எதிர்மூலைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார். மௌனத்தில் உட்காரும்போதும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

மழைக்காலம் நெருங்கியதால் மற்ற சீடர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். மாசிலாமணிக்கு வீட்டுக்குப் போகவும் பயமாக இருந்தது, இங்கே இருக்கவும் பயமாக இருந்தது. மறுபடி ஒரு நாள் குருவிடம் அதே கேள்வியைக் கேட்டார். குரு அன்றும் பதில் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு ஜீப் வந்து வாசலில் பலகைகளை இறக்கிவிட்டுப் போனது. தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது கிடைத்த தேக்கு. ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் அது செருகிக்கொள்ளும் காடியும் இழைத்த தரைப் பலகைகள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்த மாசிலாமணிக்கு, வந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

"மழைக்கு முன்னாடி ரெண்டு அறைக்கும் தரை போட்டுடணும்," என்றார் குரு. "சிமெண்டுல ஓதம் ஏறுது. அவருக்கு ஆகலை. உங்களுக்கும் ஆகாது."

மரத்தூள்தான் தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று மாசிலாமணி நினைவூட்டினார். அறுப்பது, இழைப்பது எல்லாம் தான் வெளியே கொட்டகையில் பார்த்துக்கொள்வதாகவும், அவர் அளந்து கொடுத்துப் பலகையைப் பதித்தால் போதும் என்றும் குரு சொன்னார்.

"முன்னறையைப் போட்டுடறேன் அம்மா. உள்ளறை வேண்டாம். நோயாளி படுத்திருக்கிற இடம். தட்டற சத்தம் அவருக்குத் தொந்தரவு."

"அவரைக் கேட்டுட்டேன்."



மரம் அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். பழகாத பலகையைப் பதித்தால் பின்னால் உப்பும், இல்லாவிட்டால் சுருங்கி இடைவெளி விடும். ஆகவே பலகைகளைப் பாதி பாதியாக இரண்டு அறைகளிலும் அடுக்கினார்கள். உள்ளறைப் பாதியை மாசிலாமணி கதவுவரை சுமந்துவந்து வைத்தார். அங்கிருந்து குரு எடுத்துப்போனார்.

பலகைகள் பழகிக்கொண்டிருந்த நாட்களில் மாசிலாமணி ஒரு யோசனை சொன்னார். இரண்டு அறைகளும் ஒரே சதுரத்தில் இல்லை. பழைய வீடு, சுவர்கள் கோணல். நடுவில் அரையடி உயரத்துக்கு நிலைப்படி வேறு. இந்த அறையின் வரிசையை இங்கேயே முடித்துவிட்டு, அந்த அறைக்குத் தனியாக வேறு வரிசை தொடங்கினால் கோணல் தெரியாது. நிலைப்படி நடுவில் நின்று மறைத்துவிடும்.

குரு கேட்டுக்கொண்டார். கொட்டகைக்குப் போய் ரம்பத்தோடு வந்தார். கதவைக் கீலிலிருந்து கழற்றி வெளியே சாய்த்துவிட்டு, நிலைப்படியின் முன்னால் மண்டியிட்டு அதன் ஒரு முனையில் ரம்பத்தை வைத்தார்.

"அம்மா, நிலைப்படியை அறுக்கக் கூடாது. வீட்டுக்கு ஆகாது."

"என்ன ஆகும்?"

 என்ன ஆகும் என்பது மாசிலாமணியின் வாய்வரை வந்து நின்றது. குரு பதிலுக்காகக் காத்திருந்தார். வராததால் அறுக்கத் தொடங்கினார்.

கதவும் போய், படியும் போன அந்த வாசலில் இப்போது ஒன்றும் இல்லை. மாசிலாமணி நின்ற இடத்திலிருந்து ஒரு கட்டிலின் கால்மாடும், கம்பளிக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. மூச்சுக் கொடுக்கும் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே போய்த் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இரண்டு அறைக்கும் ஒரே வரிசை என்றால் நூல் பிடிக்க வேண்டும். முன்னறை வாசலிலிருந்து உள்ளறைக் கடைசிச் சுவர்வரை ஒரே நேர்கோடு. மாசிலாமணி சுண்ணாம்பில் நனைத்த நூலின் ஒரு முனையோடு முன்னறையில் குந்தினார். மறுமுனையைக் குரு உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் குரு அவரைத் தாண்டி முற்றத்துக்குப் போனார். அடுப்பில் பால் பொங்குகிறதாம். நூலைச் சுடலைமுத்து பிடித்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் விறைப்பாகப் பிடியுங்கள் என்றார்.

மாசிலாமணி நூலை இழுத்தார். அது நிற்கவில்லை. விரல்களுக்குள் மெல்ல அதிர்ந்தது. காற்று என்று நினைத்தார். காற்று இல்லை. இழுத்து, விட்டு, இழுத்து, நடுவில் ஒரு நிறுத்தம். மூச்சு. அந்த மனிதரின் மூச்சு நூல் வழியாக வந்து தன் கையில் துடித்தது என்று புரிந்ததும் நூலை விட்டுவிட்டார்.

பிறகு உள்ளே ஓர் ஆணி அறைந்து அதில் நூலைக் கட்டச் சொன்னார். குரு கட்டினார். நூலைச் சுண்டியதும் வெள்ளைக் கோடு இரண்டு அறையையும் கோத்துக்கொண்டு விழுந்தது.

வேலை நடந்தது. சிமெண்டின் மேல் ஓதம் ஏறாமலிருக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் பலகையைத் தாங்க ரீப்பர் கட்டைகள். மாசிலாமணி ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் மரச்சில்லு கொடுத்து மட்டம் செய்தார். பிறகு பலகை. முந்திய பலகையின் காடியில் அடுத்த பலகையின் நாக்கைச் செருகி, ஒரு துண்டுக் கட்டையை வைத்துத் தட்டி இறுக்கி, ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும். கை தானாகச் செய்தது. கை வேலையில் இருக்கும்போது காது கொஞ்சம் மறந்தது. முன்னறையில் தரை அகலமாகிக்கொண்டு வந்தது. நடு வாசலைப் பார்த்து வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் வாசலுக்கே வந்துவிட்டார். இனி மண்டியிட்ட இடம் உள்ளறை. கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல் வேலை செய்தார். பலகைகளைத் தட்டிக்கொண்டே போனார். பாதி அறை வந்ததும் மூச்சு முட்டியது. சுத்தியலைத் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூச்சை இழுத்தார்.

"தட்டும் வே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏன் நிறுத்திட்டீரு? சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு."

திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் மூச்சு. மாசிலாமணி ஓர் ஆணியை எடுத்தார். ஆணி நழுவியது.

"உமக்கு எப்பச் சொன்னாங்க?"

"என்னது?"

"முன்னே ஒரு மாடி ஏறுவீரு. இப்ப பாதியில நிக்கீரு. மூச்சை உள்ள இழுக்கிறதுக்குள்ள அது முடிஞ்சுபோவுது. என்ன, சரியா?" கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் ஓடியது. "எனக்குக் கல் உடைக்கிற கிரஷர்ல வந்துச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும் வே. நீரு வந்த அன்னைக்கே கதவு வழியாக் கேட்டேன். நகத்தைக் காட்டும் பாப்போம். நுனி பருத்து, கிளிமூக்கு மாதிரி வளைஞ்சிருக்கணுமே."

மாசிலாமணி தன் விரல்களைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் அதைக் கவனித்ததில்லை. வளைந்துதான் இருந்தன. விரல்களைச் சுத்தியல் பிடிக்குள் மடக்கி மறைத்துக்கொண்டார். எழுந்து, கட்டில் பக்கம் பார்க்காமலே வெளியே போனார்.

மறுநாள் காலையில் பையோடு குருவின் முன்னால் நின்றார். மகன் கூப்பிட்டிருக்கிறான் என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். முதல் பஸ் போய்விட்டது, அடுத்ததற்கு நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் குரு. தரை பாதியில் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசிலாமணிதான் சொன்னார், கட்டில் கிடக்கும் பாதி மட்டும்தான் பாக்கி, கீழிருந்து யாராவது ஆசாரியை அனுப்பிவைக்கிறேன் என்று. சரி என்றார் குரு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. மாசிலாமணியின் சட்டைப் பொத்தானைக் குழந்தை பிடித்து இழுத்தது. அந்தப் பெண் சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். திண்டுக்கல் என்றார்.

இரண்டாவது வளைவில் பஸ் திரும்பியபோது டீசல் புகை உள்ளே வந்தது. மாசிலாமணிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் சாதாரண இருமல்தான். பிறகு அது அடியில் இறங்கியது. இறங்கி, காய்ந்த ஓலையை மிதித்தது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். தன் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று.

நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண் குழந்தையை மறுதோளுக்கு மாற்றியிருந்தாள். சேலைத் தலைப்பால் அதன் முகத்தை மூடியிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் வேறு இடம் கேட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒட்டுகிற நோய் இல்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லவில்லை. அவள் மேல் கோபமும் வரவில்லை. தான் பாயை எதிர்மூலைக்கு நகர்த்திய நாள் அவருக்கு நினைவு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

மேலேறும் வழி நெடுக நின்று நின்று வந்தார். தூறல் பிடித்துக்கொண்டது. வீட்டை அடையும்போது குரு கொட்டகையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் துணியை இறக்கினார்.

"நல்ல வேளை வந்தீங்க. ஒரு பலகையை அளவு தப்பா அறுத்துட்டேன்."

மாசிலாமணி பையை வைத்துவிட்டு அளவுகோலை எடுத்தார்.

அன்று பிடித்த மழை விடவில்லை. மறுநாள் உள்ளறையின் பதிக்காத பாதியில் சரிவுப் பக்கத்துச் சுவரோரம் தண்ணீர் கசிந்தது. கட்டில் கால்கள் ஈரத்தில் நின்றன. சுடலைமுத்துவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. குளிர் நெஞ்சில் இறங்கினால் தாங்கமாட்டார் என்று குரு சொன்னார். அவரை முன்னறைக்கு மாற்றிவிட்டு இன்றைக்கே மிச்சத் தரையை முடிக்க வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. மெஷினுக்கான பிளக் அறைக்கு ஒன்றுதான். இங்கே நிறுத்தி, தூக்கிக்கொண்டு போய், அங்கே மாட்டி, ஓடவிட வேண்டும். மாற்றாக வைத்திருந்த சிலிண்டர் தீர்ந்துபோய், நிரப்ப எடுத்துப்போன ஜீப் மழையில் கீழேயே நின்றுவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் சுடலைமுத்து தன் சொந்த மூச்சில்தான் இருந்தாக வேண்டும். மெஷின் கனம். அதைக் குரு தூக்குவார். கட்டிலைப் பலகைமேல் ஏற்றி இழுக்க இருவர் வேண்டும்.

"அப்ப இவரை?" என்றார் மாசிலாமணி.

குரு மெஷினின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

மாசிலாமணி முதல்முறையாகச் சுடலைமுத்துவின் முகத்தைப் பார்த்தார். தன் வயதுதான் இருக்கும். கன்னம் ஒட்டி, கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அந்தக் கண்களில் ஞானமும் இல்லை, அமைதியும் இல்லை. கிணற்றில் விழுந்த ஆட்டின் கண்களைப் போலிருந்தன.

"விட்டுர மாட்டீரே?" என்றார் சுடலைமுத்து.

மெஷின் நின்றது. அந்த வீட்டில் எப்போதும் இருந்த சத்தம் இல்லாமல் போனதும் மழை பெரிதாகக் கேட்டது. குரு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். மாசிலாமணி குனிந்து இரு கைகளையும் கொடுத்து அவரைத் தூக்கினார். காய்ந்த சவுக்குக் கட்டையைப் போலக் கனமே இல்லை. ஆனால் அந்தக் கனத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. சுடலைமுத்து அவர் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாசல்வரை வந்துவிட்டார். அதற்குமேல் முடியவில்லை. கண் இருட்டியது. நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். அவர் நெஞ்சும் ஏறி இறங்கியது, கையில் இருந்தவர் நெஞ்சும் ஏறி இறங்கியது. எது யாருடைய மூச்சு என்று தெரியவில்லை.  விழுந்துவிடுவோம் என்று நினைத்தார். விழுந்தால் இருவரும்.

"பயமா இருக்கா வே?" என்று காதருகே கேட்டது.

"இருக்கு."

"எனக்கும்."

மாசிலாமணி அவரைச் சற்று உயர்த்தி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஓர் அடி வைத்தார். பிறகு இன்னொன்று. முன்னறையில் குரு மெஷினை ஓடவிட்டுக் குழாயோடு காத்திருந்தார். பாயில் இறக்கியதும் குழாய் மூக்கில் ஏறியது. இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் புதுத்தரையில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். நகங்கள் வெளுத்திருந்த கை இன்னும் காலரை விடவில்லை. மாசிலாமணி அதை எடுத்துவிடவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் தரை முடிந்தது. குரு அறுத்துக் கொடுத்தார், மாசிலாமணி பதித்தார். களைப்பில் கையை நிறுத்தும்போதெல்லாம் முன்னறையைப் பார்த்து, இருக்கிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி தட்டினார். கடைசிப் பலகையைச் செருகியபோது, முன்னறை வாசலில் தொடங்கிய வரிசை கொஞ்சமும் பிசகாமல் உள்ளறைச் சுவரைத் தொட்டு நின்றது.

மழை விட்டு ஜீப் வந்தது. கட்டிலுக்குக் குரு சக்கரம் வாங்கி வரச் சொல்லியிருந்தார். இப்போது நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. காலையில் வெயில் வந்ததும் மாசிலாமணி கட்டிலை முன்னறை ஜன்னலுக்குத் தள்ளிவருவார். வெயில் போனதும் கணப்பு மூட்டிய உள்ளறைக்குத் தள்ளிப்போவார். சிலிண்டரும் கூடவே வரும். தள்ளும்போது இருவரும் ஏதாவது பேசிக்கொண்டே போவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கிரஷரில் கூட வேலை பார்த்தவர்களின் பட்டப்பெயர்கள். தேக்குக்கும் கோங்குக்கும் வாசனையில் என்ன வித்தியாசம். பாய் இப்போது உள்ளறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் மாசிலாமணி மனைவிக்குப் போன் செய்து டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னார். அவள் அழுதாள். பிறகு, மலையில் குளிருமே, கம்பளி போதுமா என்று கேட்டாள்.

பயம் போகவில்லை. சுடலைமுத்துவுக்கும் போகவில்லை.

ஒரு நாள் முன்னறையில் வெயில் விழுந்துகொண்டிருந்தபோது சுடலைமுத்துவின் மூச்சு குறையத் தொடங்கியது. மாசிலாமணி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். சுடலைமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கேயும் போகாதீர் என்றார். பயத்தில் கண்கள் அங்குமிங்கும் ஓடின. போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று மாசிலாமணி சொல்லிக்கொண்டே இருந்தார். தன் குரல் நடுங்குவதை அவர் மறைக்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி நகர்ந்து போவதற்குள் அந்தப் பிடி தளர்ந்தது. அதன்பிறகும் மாசிலாமணி வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தார்.

ஊர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். கொள்ளி வைக்க ஆள் இல்லை. மாசிலாமணி வைத்தார்.

திரும்பி வந்து குளித்துவிட்டு, அவரும் குருவும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மாசிலாமணியின் மணிக்கட்டில் ஐந்து விரல்களும் பதிந்து கன்றிப்போயிருந்தன.

"அவர் கடைசிவரைக்கும் பயந்தாரு அம்மா."

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் இருக்குமா?"

"இருக்கலாம்."

 மாசிலாமணி கேட்டார், கோபம் போலவும் இருந்தது, கெஞ்சல் போலவும் இருந்தது.

"இத்தனை நாள் உங்ககிட்ட இருந்தாரே. பயம் எப்பப் போகும்னு அவர் உங்களைக் கேட்டதே இல்லையா?"

"தினமும் கேப்பாரு. உங்களை மாதிரியே."

"நீங்க ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒரு நாள் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

குரு அவர் மணிக்கட்டை எடுத்து, கன்றிய இடத்தில் எண்ணெய் தடவினார்.

"உங்களை அவர்கிட்ட அனுப்பறேன்னு."